மதுரையிலிருந்து கோவைக்கு வீடு மாறுகிறோம்: மெஷின்கள், கேஸ், தண்ணீர், எதை எப்போது செய்வது?

வைகைக்கரை:

வணக்கம். வைகாசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சிவிட்டு, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கோவைக்குக் குடி போகிறோம். இப்போது மதுரையில் தரைத்தள வாடகை வீடு. போகப்போவது சிங்காநல்லூர் பக்கம் மூன்றாவது மாடி ஃபிளாட். லிஃப்ட் உண்டு. ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு. நான், மனைவி, ஆறாவதும் மூன்றாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், 74 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, ராத்திரியில் எழுந்து பாத்ரூம் போக வேண்டியிருக்கும்.

இரண்டு கதவு ஃபிரிட்ஜ், ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின், ஒரு ஸ்பிளிட் ஏசி, இன்வெர்ட்டரும் 150 ஏஹெச் பேட்டரியும், டில்டிங் கிரைண்டர், இரும்பு பீரோ, இரண்டு கட்டில். பாத்திரம் பண்டம் நிறைய. கேஸ் கனெக்‌ஷன் என் பேரில்தான். லாரிக்காரர்கள் "எல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்கிறார்கள். நாங்கள் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியது என்ன, போய் இறங்கியதும் செய்யக் கூடாதது என்ன என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

குளிர்காற்று:

லாரிக்காரர்கள் தூக்குவார்கள், கட்டுவார்கள், இறக்குவார்கள். மெஷினைப் பயணத்துக்குத் தயார் செய்வது அவர்கள் வேலை இல்லை. பாதி சேதம் லாரி வருவதற்கு முந்தைய நாள் செய்யாமல் விட்டதால் வருவது. மீதி, போய் இறங்கிய அவசரத்தில் சுவிட்சைப் போடுவதால் வருவது.

ஃபிரிட்ஜை முந்தைய நாள் சாயங்காலமே அணைத்து, கதவைத் திறந்து விடுங்கள். பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அதில் தேங்கியிருக்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். அதை விட்டால் லாரியில் அந்த அழுக்குத் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் மெத்தையில்தான் போய் ஊறும். கண்ணாடித் தட்டுகளையும் காய்கறிப் பெட்டியையும் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். வண்டியில் நிமிர்ந்தே நிற்க வேண்டும். லிஃப்டிலும் படியிலும் சாய்த்தே ஆக வேண்டுமென்றால் 45 டிகிரிக்குள். படுக்க வைத்தால் கம்ப்ரசரில் இருக்கும் ஆயில் குழாய்களுக்குள் போய்விடும். உடனே ஓட்டினால் கம்ப்ரசர் ஆயில் இல்லாமல் ஓடிச் சிக்கிக்கொள்ளும். நிமிர்த்தியே கொண்டுபோனால் இறக்கி வைத்து மூன்று நான்கு மணி நேரம் விட்டு சுவிட்ச் போடலாம். படுக்க வைத்திருந்தால் ஒரு நாள் முழுக்க நிற்கட்டும். ஆன் செய்த பிறகு நான்கு மணி நேரம் காலியாக ஓடட்டும், அப்புறம் பால், காய் வைக்கலாம்.

வாஷிங் மெஷின்தான் அதிகம் அடிபடுவது. ஃப்ரண்ட் லோடில் டிரம் ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டிருக்கும். புதிதாக வந்தபோது பின்பக்கம் மூன்றோ நான்கோ நீள போல்ட் இருந்திருக்கும். இன்ஸ்டால் செய்தவர் அவற்றைக் கழற்றி, ஓட்டையில் பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார். இப்போது அந்த போல்ட்டுகளைத் திரும்ப முறுக்க வேண்டும். ஸ்பேனர் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெரும்பாலும் 10 முதல் 13 எம்எம். போல்ட் இல்லாமல் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குலுங்கினால் டிரம் பாடியில் மோதி, ஷாக் அப்சார்பர் விட்டுப்போகும். முன்னால் கீழே இருக்கும் ஃபில்டரைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். அடியில் ஒரு தட்டு வையுங்கள், ஒரு லிட்டருக்கு மேல்கூட வரும். புது வீட்டில் போல்ட்டைக் கழற்றிய பிறகுதான் முதல் துவைப்பு. மறந்து ஸ்பின் ஓடினால் மெஷின் இடத்தை விட்டு நகர்ந்து வந்துவிடும்.

ஏசியைக் கழற்ற வருபவர் கேஸை வெளியே விட்டுவிட்டுக் கழற்றப் பார்த்தால் நிறுத்துங்கள். கூலிங்கில் ஓடவிட்டு, அவுட்டோரில் மெல்லிய குழாயின் வால்வை மூடி, கேஜில் பிரஷர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கியதும் தடித்த குழாயின் வால்வை மூடி, அந்த நொடியே அணைக்க வேண்டும். கேஸ் முழுக்க அவுட்டோருக்குள் போய்விடும். இரண்டு வால்வும் மூடிய பிறகு கம்ப்ரசர் ஓடக் கூடாது, அது ஆபத்து. காப்பர் குழாய் முனைகளை டேப்பால் அடைக்கச் சொல்லுங்கள், தூசியும் ஈரமும் போனால் கம்ப்ரசருக்குக் கேடு. கோவையில் மாட்டும்போது வேக்யூம் பம்ப் போட்டு 20 நிமிஷமாவது இழுக்க வேண்டும், பிறகு பத்து நிமிஷம் கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். "கொஞ்சம் கேஸ் விட்டுக் காத்தைத் தள்ளிடலாம்" என்பவரை வைத்துச் செய்யாதீர்கள்.

பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும், உள்ளே ஆசிட். நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும், மேலே எதையும் அடுக்கக் கூடாது. இன்வெர்ட்டரை அணைத்து, மெயின் பிளக்கைப் பிடுங்கி, முதலில் நெகட்டிவ் வயர், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர் பிடிக்கும் கையில் மோதிரம், வளையல் வேண்டாம்.

இன்னொன்று. புது ஃபிளாட்டில் இன்வெர்ட்டருக்குத் தனி லைன் இழுத்திருக்கிறார்களா என்று இப்போதே எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். அவசரத்தில் நியூட்ரலைக் கலந்து கொடுத்தால் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானாக அணைந்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச்) ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும், காரணம் கண்டுபிடிக்கத் திண்டாட வேண்டும்.

வைகைக்கரை:

ரொம்ப நன்றிங்க. வாஷிங் மெஷின் போல்ட் வீட்டில் எங்கும் இல்லை. என்ன செய்வது?

குளிர்காற்று:

கதவைத் திறந்தால் உள்விளிம்பில் மாடல் நம்பர் ஒட்டியிருக்கும். அதைச் சொல்லி சர்வீஸ் சென்டரிலோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலோ இன்றே கேளுங்கள், வரவழைக்க நாளாகலாம். கிடைக்கவே இல்லையென்றால் லாரியில் முன்னால், டிரைவர் கேபினை ஒட்டி, மடித்த மெத்தை மேல் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். பின் சக்கரத்தைத் தாண்டிய பகுதிதான் அதிகம் தூக்கிப் போடும். அங்கே மெஷின் எதுவும் போகக் கூடாது, துணி மூட்டை, பிளாஸ்டிக் சாமான் போதும்.

அஞ்சறைப்பெட்டி:

அடுக்களைப் பக்கம் நான் சொல்கிறேன்.

முதலில் கேஸ். மதுரையிலிருந்து கோவை என்பது வேறு ஊர், அதனால் சிலிண்டரை லாரியில் ஏற்றாதீர்கள். கனெக்‌ஷன் எடுத்தபோது கொடுத்த வவுச்சரையும் நீலப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஏஜென்சிக்குப் போய், சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படையுங்கள். அன்று கட்டிய டெபாசிட் தொகை திரும்பக் கிடைக்கும், கூடவே டிரான்ஸ்ஃபர் வவுச்சர் தருவார்கள். கோவை ஏஜென்சியில் அதைக் காட்டி, இன்றைய டெபாசிட்டைக் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே முகவரிச் சான்று கேட்பார்கள், வாடகை ஒப்பந்தத்தை முன்னாலேயே எழுதி வாங்கிவிடுங்கள். இடைப்பட்ட நாட்களுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு. பால் நெருப்பில்தான் பொங்க வேண்டும் என்று அம்மா நினைத்தால், 5 கிலோ சின்ன சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை காட்டினாலே கிடைக்கும். அதற்குப் பொருந்தும் ரெகுலேட்டரையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். அடுப்புக்குப் போகும் ரப்பர் ட்யூபில் வருஷம் அச்சடித்திருக்கும். ஐந்து வருஷம் ஆகியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது. மாட்டியதும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது.

கிரைண்டர் கல்லை டிரம்முக்குள் வைத்தே அனுப்பாதீர்கள். குலுங்கும்போது கல் முட்டி அடிக்கல் விரிசல் விடும். குழவிக் கல்லைத் தனியாகக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, சின்னப் பெட்டியில் வைத்து "கல்" என்று எழுதுங்கள். தூக்குபவருக்கு எடை தெரிய வேண்டும். எந்த அட்டைப்பெட்டியும் 15 கிலோவைத் தாண்ட வேண்டாம், அடியில் இரண்டு சுற்று டேப். பிள்ளைகளின் புத்தகங்களைப் பெரிய பெட்டியில் போட்டால் நிச்சயம் அடி பிளக்கும்.

கண்ணாடித் தட்டு, பீங்கான் தட்டு எல்லாம் அலமாரியில் புத்தகம் நிற்கிற மாதிரி செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்க வைத்து அடுக்கினால் மேல் தட்டுகளின் எடை முழுக்க அடித்தட்டில் விழுந்து உடையும். எவர்சில்வரை அண்டாவுக்குள் அடுக்கி இடையில் செய்தித்தாள் கொடுத்தால் போதும். குக்கர் வெயிட், கேஸ்கெட், மிக்ஸி ஜார் மூடி இந்த மூன்றும்தான் எப்போதும் காணாமல் போகும். அந்தந்தக் குக்கருக்குள்ளேயே, ஜாருக்குள்ளேயே கவரில் போட்டுக் கட்டிவிடுங்கள். ஊறுகாய் ஜாடி வாய்க்கு ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து அதன் மேல் மூடியைத் திருகுங்கள். எண்ணெயைப் போகும் முன் தீர்த்துவிடுவது நல்லது. புளித்த மாவை மூடி எடுத்துப் போகவே வேண்டாம், வெயிலில் பொங்கி மூடியைத் தள்ளிவிடும்.

பால் காய்ச்சுவதும் சாமான் இறக்குவதும் ஒரே நாளில் வேண்டாம். முகூர்த்த நாளில் விளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, ஒரு குடம் தண்ணீர் இவற்றோடு போய்ப் பால் காய்ச்சிவிட்டால் குடி போனதாகத்தான் கணக்கு. அன்றே வீட்டை நிதானமாகப் பார்த்து, எந்த பிளக் எங்கே, எந்தக் குழாய் சொட்டுகிறது என்று குறித்து வரலாம். லாரி சில நாள் கழித்து வரட்டும்.

நொய்யல்:

கோவைக்கு வர்றீங்க, அதனால தண்ணி பத்திச் சொல்லியே ஆகணுங்க. இங்க பெரும்பாலான வீடுகள்ல ரெண்டு லைன் இருக்கும். ஒண்ணு நல்ல தண்ணி, சிறுவாணியோ பில்லூரோ உங்க ஏரியாவைப் பொறுத்தது. இன்னொண்ணு போர் தண்ணி, உப்புத் தண்ணின்னு சொல்லுவாங்க. கார்ப்பரேஷன் தண்ணி தினமும் வராது, சில நாளைக்கு ஒரு தடவை விடுவாங்க, தொட்டியில பிடிச்சு வச்சுத்தான் செலவு பண்ணணும். எந்தக் குழாயில எது வருதுன்னு வாட்ச்மேன்கிட்ட முதல் நாளே கேட்டு, குழாய்ல சின்ன ஸ்டிக்கர் ஒட்டிடுங்க. பிள்ளைங்க உப்புத் தண்ணியில பாட்டில் பிடிச்சிடும்.

ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்சிருக்குற உப்பை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு காட்டும்) வாங்கி ரெண்டையும் பாருங்க. இந்தியத் தர அளவுப்படி குடிநீருக்கு 500 வரைக்கும் நல்லது, வேற தண்ணி இல்லாத இடத்துல 2000 வரைக்கும் அனுமதி. நல்ல தண்ணி 500-க்கு நல்லாக் கீழ இருந்தா ஆர்ஓ தேவையே இல்லீங்க, காய்ச்சிக் குடிச்சாப் போதும், இல்லைன்னா யூவி ஃபில்டர். வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் போர் தண்ணிதான்னா கீசர் காயில்ல உப்புப் படியும், வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டிச் சுத்தம் பண்ணணும்.

ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த வீடுன்னு சொன்னீங்க. பாத்ரூம் தரையில இருக்குற வடிகால்ல எப்பவும் கொஞ்சம் தண்ணி நின்னு, கீழ இருந்து வர்ற நாத்தத்தைத் தடுக்கும். அந்தத் தண்ணி காஞ்சு போயிருக்கும், அது வழியாத்தான் கரப்பானும் நாத்தமும் மேல வரும். பால் காய்ச்சப் போற அன்னிக்கே ஒவ்வொரு வடிகாலுக்கும் ரெண்டு மக் தண்ணி ஊத்துங்க. குழாய் முனையில இருக்குற வலையைத் திருகிக் கழட்டி மண்ணைத் தட்டுங்க. கீசர் சுவிட்ச் போடுறதுக்கு முன்னாடி சுடுதண்ணிக் குழாய்ல தண்ணி நிக்காம வருதான்னு பாருங்க, காலி டேங்க்ல காயில் எரிஞ்சு போயிடும்.

உங்க ஃபிளாட்டுக்கு மட்டும் தனித் தொட்டி இருந்தா, கழுவின பிறகு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். வாளித் தண்ணியில கரைச்சு, தெளிய விட்டு, தெளிஞ்ச தண்ணியை மட்டும் தொட்டியில ஊத்துங்க. ஒரு மணி நேரம் கழிச்சுப் புழங்கலாம். பாத்ரூம் கழுவுற ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நாள்ல ஒரே இடத்துல கையாளாதீங்க, கலந்தா குளோரின் கேஸ் கிளம்பும்.

ஈபி மீட்டரைச் சாவி வாங்குற அன்னிக்குப் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பிடுங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு ரீடிங். 100 யூனிட் இலவசம், 500 தாண்டினா மொத்தக் கணக்கும் வேற ஸ்லாபுக்குப் போயிடும். ஏசி, கீசர் ரெண்டும் இருக்குற வீட்டுல இதைக் கவனிக்கணும்.

பிள்ளைங்க டிசி வாங்கும்போது, எமிஸ்ல (பள்ளிக்கல்வித் துறையோட ஆன்லைன் மாணவர் பதிவு) பிள்ளைங்க பேரைக் காமன் பூலுக்கு, அதாவது வேற ஸ்கூல் எடுத்துக்குற பொதுப் பட்டியலுக்கு, விட்டாச்சான்னு பழைய ஸ்கூல்ல கேட்டு உறுதி பண்ணிக்குங்க. விடலைன்னா புது ஸ்கூல்ல சேர்க்க முடியாம நிக்கும், லீவுல ஆபீஸ்ல ஆள் பிடிக்கிறது கஷ்டம். எமிஸ் நம்பரையும் எழுதி வாங்கிக்குங்க.

திண்ணை:

அம்மாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வீட்டில் எல்லாரையும்விட அவருக்குத்தான் புது இடம் கடினம், குறிப்பாக முதல் சில ராத்திரிகள்.

அவர் கட்டில்தான் முதலில் பூட்டப்பட வேண்டும். அதற்காக அதை லாரியில் கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள், கடைசியாக ஏறுவதுதான் முதலில் இறங்கும். போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டு, தலைமாட்டுப் பலகையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இப்போது கட்டிலின் எந்தப் பக்கமாக இறங்குகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வலப்பக்கமாக இறங்கிப் பழகியவர் கட்டிலின் வலப்பக்கத்தைப் புது வீட்டில் சுவரோடு ஒட்டிப் போட்டால், தூக்கக் கலக்கத்தில் அந்தச் சுவர்ப் பக்கம்தான் திரும்புவார். இறங்கும் பக்கம் திறந்திருந்து, பாத்ரூம் போகும் வழி நேராக இருக்கட்டும். அந்த வழியில் ஒரு பெட்டிகூட முதல் நாள் வைக்காதீர்கள்.

பாத்ரூமில் கைப்பிடிக் கம்பியை லாரி வருவதற்கு முன்பே மாட்டிவிடுங்கள். துளை போடும் முன் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று பிளம்பரிடம் கேளுங்கள். உறிஞ்சி ஒட்டும் வகைக் கம்பி ஈர டைல்ஸில் கழன்று வரும், அதை நம்பி ஒருவர் உடம்பைத் தாங்கக் கூடாது. ஸ்க்ரூ போட்டது மட்டும்தான். கம்மோடு பக்கத்தில் ஒன்று, வாசலில் ஒன்று. வாசற்படி உயரத்தையும் பாருங்கள், பழைய வீட்டில் படி இல்லாமல் இங்கே ஒன்றரை அங்குலம் இருந்தால்கூடத் தடுக்கும். விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டுங்கள். பிளக்கில் செருகும் நைட் லாம்ப் இரண்டு வேண்டும்.

மாத்திரைகள், மருந்துச் சீட்டு, கண்ணாடி, முழங்கால் பெல்ட், வெந்நீர் ஃபிளாஸ்க், ஒரு செட் துணி, தலையணை, அவர் வழக்கமாகக் குடிக்கும் டம்ளர் எல்லாம் ஒரே பையில், உங்கள் கையில் வர வேண்டும். நகை, பத்திரம், ரேஷன் கார்டு, ஆதாரும் அப்படியே. இன்னொரு பையில் ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், டேப், கத்தரிக்கோல், சோப்பு, மக், துடைப்பம், இரண்டு பல்பு, பாய், போர்வை, கொசுவத்தி.

பீரோவைக் காலி செய்துதான் தூக்க வேண்டும். லிஃப்ட் வாசல் உயரத்தையும் உள் ஆழத்தையும் டேப் வைத்து அளந்து வாருங்கள், இரும்பு பீரோ பல லிஃப்டுகளில் ஏறாது. படியில் போவதென்றால் திருப்பத்தின் அகலத்தையும் அளக்க வேண்டும், கூலியும் அதற்கேற்ப மாறும். இதை லாரிக்காரரிடம் முன்னாலேயே சொல்லி, மொத்தத் தொகையையும் சாமான் பட்டியலையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் வண்டி நிற்கும்போது "மூணு மாடிக்குத் தனி" என்று கேட்டால் காட்டுவதற்குத் தாள் இருக்கும். சில ஃபிளாட்டுகளில் சாமான் ஏற்ற இன்ன நேரம்தான் லிஃப்ட் என்று விதி வைத்திருப்பார்கள், அசோசியேஷனில் அதையும் கேட்டுவிடுங்கள்.

வைகைக்கரை:

லிஃப்டை வீட்டு ஓனர் அளந்து அனுப்பினார்: உயரம் 6 அடி 6 அங்குலம், பீரோ 6 அடி 4. போகுமா?

திண்ணை:

நிமிர்த்தி நுழைக்க இரண்டு அங்குலம் போதாது, தூக்கும்போது கயிறும் கையும் அடியில் இருக்கும். பீரோவின் கால்கள் திருகிக் கழற்றும் வகையா என்று பாருங்கள். கழன்றால் மூன்று நான்கு அங்குலம் குறையும், நிமிர்த்தியே போகும். கழலாவிட்டால் படிதான், நான்கு ஆள் சொல்லி வையுங்கள். கதவில் கண்ணாடி இருந்தால் அதை மட்டும் கழற்றிப் போர்வையில் சுற்றி, மெத்தைகளுக்கு நடுவே செங்குத்தாக வைக்கச் சொல்லுங்கள்.