மஞ்சள் மூட்டையும் பிளாக்செயினும்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

உழவன்மகன்:
எங்கள் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக்கு ஒரு மென்பொருள்காரர் வந்து போனார். மூட்டைக்கு மூட்டை கியூஆர் ஒட்டி, பிளாக்செயின் என்கிற அழிக்க முடியாத கணினிப் பேரேட்டில் ஏற்றினால் வெளிநாட்டுக்காரன் கூடுதல் விலை கொடுப்பான் என்கிறார். இயக்குநர்களில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். யாராவது இதில் இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா?

பவானிக்கரை:
நான் இரண்டு பருவம் இதே வேலையில் களப்பணியாளராக இருந்தேன். ஈரோடு பக்கம், மஞ்சள்தான். கம்பெனி பெயர் வேண்டாம்.

முதல் நாளே பட்டாவில் இடறியது. விவசாயி பெயரும் பட்டாவில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் ஆப் அடுத்த பக்கத்துக்கே போகும். எங்கள் ஊரில் பல பட்டா செத்துப்போன அப்பா, தாத்தா பேரில் இருக்கிறது. மீதியில் குத்தகைக்கு ஓட்டுகிறவர்கள் நிறைய. ஒரு பெரியவர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, எங்கய்யன் போயி இருவது வருசமாச்சு, அவரு பேருலயா மஞ்ச விக்கறீங்க?" எனக்குப் பதில் வரவில்லை.

அதைக்கூடச் சமாளித்தோம். மாட்டிக்கொண்டது களத்தில். மஞ்சளை வெட்டி, வேகவைத்து, பத்துப் பதினைந்து நாள் காயவைத்து, அப்புறம்தான் பாலிஷ். வேகவைக்கிற வண்டி வந்தால் அக்கம்பக்கத்து மூன்று தோட்டத்து மஞ்சளும் வரிசையாக வேகும். காயப்போட ஒரே களம். நடுவில் ஒரு முழம் இடம் விட்டுக் கொட்டுவார்கள். ராத்திரி மேகம் கறுத்தால் எல்லாரும் ஓடிவந்து தார்ப்பாயை இழுக்கிற அவசரத்தில் அந்த ஒரு முழம் காணாமல் போய்விடும். காலையில் கண்ணளவில் பிரித்துக்கொள்வார்கள், சண்டை சச்சரவு கிடையாது. ஆனால் ஆப்பில் அது மூன்று தனித்தனி லாட். நாளைக்குப் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று சரக்கு திரும்பி வந்தால், பிளாக்செயின் கூசாமல் ஒருத்தர் தோட்டத்தைக் காட்டும். இத்தனைக்கும் யாரும் பொய்யாக எதையும் பதியவில்லை.

இன்னொன்று. ஒரு மத்தியானம் 640 கிலோவை 6400 என்று தட்டிவிட்டேன். கையெல்லாம் மஞ்சள் தூள், போன் தொட்டதை இரண்டு தடவையாக எடுத்துக்கொண்டது. அழிக்க வழியில்லை, கீழே ஒரு திருத்தப் பதிவு போட்டோம். மண்டிக் கணக்குப்பிள்ளை சிரித்தார். "நாங்களுந்தான் பேரேட்டுல அழிக்கறதில்லீங்க, அடிச்சுட்டுக் கீழ எழுதுவோம். இதுக்கா இத்தன கம்ப்யூட்டரு?" சரிதான். ஆனால் அவர் பேரேடு அவர் பெட்டிக்குள் இருக்கிறது. இதில் விற்கிறவர், கிடங்கு, வாங்குகிறவர் என்று ஆளுக்கொரு படி. ஒருத்தர் திருட்டுத்தனமாக மாற்றினால் மற்றவர் படியோடு ஒத்துவராது. அந்த அளவில் நல்ல ஏற்பாடு என்றே இன்னமும் சொல்வேன்.

ஏற்காட்டுக்காப்பி:
2019 மார்ச்சில் காப்பி வாரியம் பிளாக்செயின் சந்தை ஒன்றை முன்னோட்டமாகத் தொடங்கியபோது எனக்கும் ஆசை வந்தது. தரகர் இல்லாமல் வாங்குகிறவரோடு நேரே பேசலாம் என்றார்கள். எனக்கு இருப்பதோ மூன்று ஏக்கர். நான் விளைவிக்கிற அளவை எவன் நேரடியாகக் கேட்கப்போகிறான் என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஐரோப்பாவின் காடழிப்புச் சட்டத்தைச் சொல்லி ஏற்றுமதிக்காரர் தோட்டத்தின் இருப்பிடம் கேட்கிறார். 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் காட்டை அழித்து உண்டாக்கிய நிலமாக இருக்கக்கூடாது. 4 ஹெக்டேருக்குள் என்றால் வரைபடத்தில் ஒரு புள்ளி போதும், அதைத் தாண்டினால் எல்லை முழுக்கக் குறிக்க வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வருவது தள்ளித் தள்ளிப் போனாலும் கேட்பது நிற்கவில்லை. அந்தச் சட்டத்தில் பிளாக்செயின் கட்டாயம் என்று எங்கும் இல்லை. மகன் போனில் புள்ளி எடுத்து எக்ஸெலில் அனுப்பினான், வாங்கிக்கொண்டார்கள்.

சரக்குப்பெட்டி:
ஏற்றுமதிக் கிடங்கில் இருக்கிறேன். உங்களிடம் வந்தவர் அமெரிக்கப் பெருங்கடைக் கம்பெனி வால்மார்ட்டின் மாம்பழக் கதையைக் கட்டாயம் சொல்லியிருப்பாரே? நறுக்கிய மாம்பழப் பொட்டலம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தேட 6 நாள் 18 மணி 26 நிமிடம் ஆனதாம், ஐபிஎம் என்கிற கம்ப்யூட்டர் கம்பெனியோடு சேர்ந்து பிளாக்செயினில் ஏற்றிய பிறகு 2.2 விநாடி. கதை நிஜம்தான். ஆனால் அந்த 2.2 விநாடிக்கு முன்னால் தோட்டம் முதல் கடை வரை அத்தனை பேரும் விவரத்தை ஒழுங்காக ஏற்றியிருக்க வேண்டும். வால்மார்ட் கேட்டால் ஏற்றுவார்கள். 2018இல் கீரை சப்ளையர்களுக்கு ஒரே கடிதம்தான் போட்டது, ஒரு வருடத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும் என்று. நம் மண்டியில் யார் யாருக்குக் கடிதம் போடுவது?

அதோடு, நம் ஏற்றுமதித் திராட்சைக்கு 2006லிருந்தே கிரேப்நெட் என்கிற இணையப் பதிவு ஏற்பாடு இருக்கிறது. தோட்டப் பதிவு, எச்சப் பரிசோதனை எல்லாம் அதில் உண்டு. பிளாக்செயின் இல்லாமலேயே ஐரோப்பாவுக்குப் பழம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

உழவன்மகன்:
நன்றிங்க. பவானிக்கரை அண்ணா, விலை கூடக் கிடைத்ததா என்று மட்டும் சொல்லவில்லையே?

பவானிக்கரை:
அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பருவத்தோடு திட்டப் பணம் தீர்ந்தது. இப்போது அந்தக் கியூஆரை ஸ்கேன் செய்தால் வெள்ளைப் பக்கம்தான் வருகிறது. உங்களிடம் வந்தவரிடம் மூன்றாம் வருடம் சர்வருக்கு யார் காசு கட்டுவார்கள் என்று முதலில் கேளுங்கள்.

விலையா? ஏலத்தன்று ஒட்டின மூட்டை, ஒட்டாத மூட்டை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வியாபாரி வந்தார். இரண்டிலும் ஒவ்வொரு விரலி எடுத்து, ஒடித்து, சத்தத்தைக் கேட்டார். இரண்டுக்கும் ஒரே விலை எழுதிவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விட்டார்.