என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பைத் திருத்தியும் பயனில்லை: உதவி தேவை

கடலோரம்:
வணக்கம். சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வலைச்சேவை மென்பொருளை நிறுவி, /இடிசி/என்ஜின்எக்ஸ்/என்ஜின்எக்ஸ்.கான்ஃப் கோப்பில் என் தளத்துக்கான வரிகளை எழுதிச் சேவையை மறுதொடக்கம் செய்தேன். ஆனாலும் உலாவியில் என்ஜின்எக்ஸின் வரவேற்புப் பக்கமே வருகிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. இதே கோப்பு பழைய சர்வரில் ஒழுங்காக இயங்கியது. இன்றிரவு தளத்தை மாற்றியாக வேண்டும்.

நூல்கண்டு:
இது உலாவியின் தற்காலிகச் சேமிப்பால் வரும் சிக்கல் என்றே நினைக்கிறேன். மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள்.

முனையம்:
எந்த இயங்குதளம், என்ஜின்எக்ஸை எப்படி நிறுவினீர்கள் என்பதைச் சொல்லாமல் யாரும் உதவ முடியாது. ‘என்ஜின்எக்ஸ் -டி’ கட்டளையை ஓட்டி, அது எந்தக் கோப்பைச் சரிபார்த்ததாகச் சொல்கிறது என்பதை இங்கே இடுங்கள்.

வெள்ளெருக்கு:
இயங்க வேண்டிய தளங்களைக் குறிக்கும் சைட்ஸ்-எனேபிள்ட் அடைவில் (கோப்புறையில்) இணைப்புக் கொடுக்க மறந்திருப்பீர்கள். பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் காரணம்.

கடலோரம்:
மறைநிலையிலும் அதே பக்கம்தான். இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டி 14; அதன் பொதி (மென்பொருள் தொகுப்பு) மேலாளரான பிகேஜி வழியாக நிறுவினேன். பழைய சர்வர் உபுண்டு. /இடிசி/என்ஜின்எக்ஸ் அடைவே இல்லாததால் நானே உருவாக்கினேன். சைட்ஸ்-எனேபிள்ட் எதுவும் இங்கே இல்லை. மேலும், கட்டளை நிரல்களை ஓட்டும் பாஷை நிறுவியிருந்தும் என் காப்பு நிரல் ‘/பின்/பாஷ்’ கிடைக்கவில்லை என்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பழம்பெட்டி:
இயங்குதளத்தின் பெயரை முதலிலேயே எழுதியிருந்தால் மற்றவர்களின் நேரம் மிஞ்சியிருக்கும். ‘மேன் ஹையர்’ என்று தட்டினால் எந்த அடைவு எதற்கென்று கையேடு வரிசையாகச் சொல்கிறது. அதைக்கூடப் படிக்காமல் சர்வரை நடத்தப் புறப்படுகிறவர்களைக் கண்டு நான் வியப்படைவதை நிறுத்திப் பல காலமாகிறது.

முனையம்:
ஐயா, அவர் அவசரத்தில் இருக்கிறார். கடலோரம், இரண்டுக்கும் ஒரே காரணம்தான். ஃப்ரீபிஎஸ்டியில் கெர்னலும் (இயங்குதளத்தின் கருவும்) அடிப்படைக் கருவிகளும் ஒரே மூலநிரல் மரத்திலிருந்து ஒன்றாக வெளியிடப்படுகின்றன. பிகேஜி கொண்டுவரும் மற்றவை ஏறக்குறைய எல்லாமே /யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவுக்குள் போகின்றன. எனவே உங்கள் கோப்பு இருக்க வேண்டிய இடம் /யூஎஸ்ஆர்/லோக்கல்/இடிசி/என்ஜின்எக்ஸ். நீங்கள் உருவாக்கிய அடைவை என்ஜின்எக்ஸ் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் பிழைச்செய்தியும் இல்லை. பாஷ் அடிப்படைத் தொகுப்பில் சேராதது என்பதால் அதுவும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடைவில்தான் இருக்கிறது. நிரலின் முதல் வரியை ‘#!/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பாஷ்’ என மாற்றினால் உபுண்டுவிலும் இங்கும் ஓடும். ஒரு பொதி எந்தக் கோப்புகளை எங்கே வைத்தது என்பதை ‘பிகேஜி இன்ஃபோ -எல்’ காட்டும். ஒரு விதிவிலக்கு: சேவையை இயக்கும் வரி மட்டும் வழக்கமாக /இடிசி/ஆர்சி.கான்ஃப் கோப்பிலேயே இருக்கும்.

வெள்ளெருக்கு:
இது வேண்டாத குழப்பம். /யூஎஸ்ஆர்/லோக்கல் என்பது நிர்வாகி தன் கையால் தொகுத்து நிறுவும் மென்பொருளுக்கான இடம் என்று 2015இல் வெளிவந்த எஃப்எச்எஸ் 3.0 என்ற அடைவு அமைப்புத் தரநிலை தெளிவாகச் சொல்கிறது. டெபியன் லினக்ஸின் பொதிகள் அங்கே கோப்பு வைக்கக் கூடாது என்பதே அவர்களின் விதி.

பழம்பெட்டி:
அது லினக்ஸ் உலகத்து ஆவணம். ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்ற பிஎஸ்டி இயங்குதளக்காரர்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். டெபியனில் கெர்னல் முதல் விளையாட்டு வரை எல்லாமே பொதி என்பதால், எது இயங்குதளம், எது வெளியார் சரக்கு என்று பிரிக்கவே முடியாது. பிரிக்க முடியாதவர்களுக்கு லோக்கல் காலியாகத்தான் கிடக்கும். இங்கே அடிப்படையைப் புதுப்பிக்கும் கருவி லோக்கலைத் தொடுவதேயில்லை.

அலைவரிசை:
பிரிவினை சரி, இடம்தான் தவறு. மூலநிரலை நாமே தொகுக்கும்போதும் பெரும்பாலான மென்பொருள்கள் இயல்பாக /யூஎஸ்ஆர்/லோக்கலில்தான் போய் விழுகின்றன. பிகேஜி வைத்ததும் நாம் வைத்ததும் அங்கே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நெட்பிஎஸ்டி பொதிகளை /யூஎஸ்ஆர்/பிகேஜி என்ற தனி அடைவில் வைத்து இந்தச் சிக்கலைத் தவிர்த்துவிட்டது. ஓபன்பிஎஸ்டியோ நிரல்களை லோக்கலில் வைத்துவிட்டு, அமைப்புக் கோப்புகளை /இடிசியிலேயே விடுகிறது. கேள்வி கேட்டவர் அங்கே போயிருந்தால் அவருடைய கோப்பு முதல் முறையே படிக்கப்பட்டிருக்கும்.

நூல்கண்டு:
மேக் கணினிகளுக்கான பொதி மேலாளர் ஹோம்ப்ரூவும் இன்டெல் மேக்கில் /யூஎஸ்ஆர்/லோக்கலில்தான் இருந்தது; ஆப்பிள் சிலிக்கானில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ என்று மாறிவிட்டது.

வெள்ளெருக்கு:
ஒவ்வொருவரும் ஓர் இடம் வைத்தால் நிரல் எழுதுகிறவன் என்ன செய்வான்? எல்லாவற்றையும் /யூஎஸ்ஆரில் போட்டு, கணக்கைப் பொதி மேலாளரிடம் விட்டுவிட வேண்டியதுதானே?

பழம்பெட்டி:
பொதி மேலாளரே கெட்டுப்போன நாளில், லோக்கலை அப்படியே ஒதுக்கிவிட்டு இயங்குதளத்தை மட்டும் நம்பி எழுந்து நிற்க ஃப்ரீபிஎஸ்டியில் முடியும். உங்கள் முறையில் முடியாது. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை இருந்தால் இயங்குதளத்தை மட்டும் தனியாகப் பின்னோக்கித் திருப்பவும் செய்யலாம்.

அலைவரிசை:
முதலாவது உண்மை, இரண்டாவது அப்படியல்ல. நிறுவி இயல்பாக அமைக்கும் இசட்எஃப்எஸ் அடுக்கில் /யூஎஸ்ஆர்/லோக்கலும் துவக்கச் சூழலுக்குள்ளேயே, அதாவது பின்னோக்கித் திருப்பப்படும் பகுதிக்குள்ளேயே, அடங்கிவிடுகிறது. திருப்பினால் பொதிகளும் சேர்ந்தே திரும்பும். தனியாக வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு தரவுத்தொகுதியை நீங்களே உருவாக்க வேண்டும்.

கடலோரம்:
தளம் வந்துவிட்டது, நன்றி. பாஷுக்கு /பின் அடைவில் ஓர் இணைப்பு போட்டுவிட்டேன். காப்பு நிரலும் ஓடுகிறது.

முனையம்:
அந்த இணைப்பை எடுத்துவிட்டு முதல் வரியையே மாற்றுங்கள். /பின் அடிப்படைத் தொகுப்புக்கு உரியது. நீங்கள் அங்கே போட்ட இணைப்பு பிகேஜிக்குத் தெரியாது. நாளை பாஷை நீக்கினாலும் அது எங்கும் போய்ச் சேராத இணைப்பாக அங்கேயே கிடக்கும். வீணாகக் கிடக்கும் /இடிசி/என்ஜின்எக்ஸ் அடைவையும் அழித்துவிடுங்கள். உங்களுக்குப் பின் அந்தச் சர்வரைப் பார்க்க வருகிறவர் அதைத்தான் முதலில் திருத்துவார்.