அப்பத்தா ஃபோட்டோவை மேப் ஆர்ட் ஆக்கினால் முகத்தில் பச்சைப் புள்ளி விழுகிறது, வேறு மென்பொருள் இருக்கிறதா?

வைகைக்கரை:
நானும் சித்தப்பா பசங்க இரண்டு பேரும் மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பில் ஒரு சர்வைவல் உலகத்தை (எல்லாப் பொருளையும் நாமே சேகரிக்கவேண்டிய வகை) மூன்று வருடமாக வைத்திருக்கிறோம். போன கார்த்திகையில் எங்கள் அப்பத்தா தவறிவிட்டார்கள். அவர்கள் ஃபோட்டோ ஒன்றை மேப் ஆர்ட்டாக, அதாவது தரையில் பிளாக்குகளைப் பரப்பி விளையாட்டின் மேப்பில் படமாக விழும்படி கட்டி, அந்த உலகத்தில் நாங்கள் கட்டிய வீட்டின் முகப்பில் மாட்டவேண்டும் என்று மூவருக்கும் ஆசை. இணையத்தில் கிடைத்த ஒரு கருவியில் ஃபோட்டோவைப் போட்டு, கம்பளி மட்டும் தேர்ந்தெடுத்து, 128-க்கு 128 என்று எடுத்துப் பார்த்தேன். முகம் ஆரஞ்சும் சாம்பலுமாக வருகிறது, கன்னத்திலும் தாடையிலும் பச்சைப் புள்ளிகள் வேறு. அப்பத்தா நல்ல கறுப்பு. வெளிச்சத்தைக் கூட்டினால் புள்ளி குறைகிறதுதான், ஆனால் அப்புறம் அது அப்பத்தாவே இல்லை, யாரோ ஒரு அம்மா மாதிரி ஆகிவிடுகிறது. கட்டியிருப்பது சுங்குடிச் சேலை, மூக்குத்தியும் தெரியவேண்டும். இதற்கு வேறு நல்ல மென்பொருள் சொல்லுங்கள்.

களிமண்கணக்கு:
மென்பொருளை மாற்றினாலும் இதேதான் வரும் தம்பி, மாற்றவேண்டியது பிளாக்குகளை. கம்பளியில் இருப்பது 16 நிறம், அதில் நம் தோல் நிறத்துக்குப் பக்கத்தில் வருவது ஒன்றுகூடக் கிடையாது. பழுப்புக் கம்பளி ரொம்ப இருட்டு, ஆரஞ்சு ரொம்பச் சிவப்பு. கருவி என்ன செய்கிறது என்றால், கன்னத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும் ஆரஞ்சை வைத்துவிட்டு, கூடிப்போன சிவப்பைப் பக்கத்துப் பிக்சல்களில் கழித்துக்கொள்கிறது. ஃப்ளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976-ல் வெளியிட்ட முறை அது. பிழையில், அதாவது அந்த நிற வித்தியாசத்தில், 16-ல் 7 பங்கு வலது பக்கம் போகும், மீதி கீழ் வரிசையில் இருக்கும் மூன்று பிக்சல்களுக்கு 3, 5, 1 என்று பிரியும். சிவப்பைக் கழித்தால் அந்தப் பிக்சலுக்குக் கிட்டே வருவது சாம்பலோ பச்சையோதான், உங்கள் பச்சைப் புள்ளி அங்கிருந்து வருகிறது.

மேப்ஆர்ட்கிராஃப்ட் என்று தேடுங்கள், உலாவியிலேயே ஓடும். ஒவ்வொரு மேப் நிறத்துக்கும் எந்த பிளாக் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அதில் மண், ஸ்ப்ரூஸ் பலகை, ஓக் பலகை, ஆரஞ்சு டெரகோட்டா (சுட்ட களிமண் பிளாக்), பழுப்பு டெரகோட்டா, வெள்ளை டெரகோட்டா இத்தனையும் சேருங்கள். வெள்ளை டெரகோட்டா என்பது பெயர்தான், மேப்பில் அது வெளிர் தோல் நிறமாக விழும். நெற்றியில் வெளிச்சம் படும் இடத்துக்கு அது போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சாயம் போடாத டெரகோட்டா மேப்பில் ஆரஞ்சுக் கம்பளி நிறத்திலேயே விழும், அதை எடுத்துவிடுங்கள். ஆரஞ்சுச் சாயம் போட்டது வேறு, அது நல்ல செம்மண் நிறம். பேட்லாண்ட்ஸ் என்கிற செம்மண் மலைப் பகுதிப் பக்கம் போனால் ஆரஞ்சு, பழுப்பு, வெள்ளை மூன்றும் மலையிலேயே அடுக்காக இருக்கும், வெட்டினால் போதும், சுட்டுச் சாயம் போடுகிற வேலை மிச்சம்.

முகத்தை வெளுப்பாக்கவே வேண்டாம். ஃபோட்டோவை முகமும் தோளும் மட்டும் வருகிற மாதிரி வெட்டி, பின்னணியை ஒரே நிறமாக்கிவிட்டு, அப்புறம் கருவியில் போடுங்கள். 128 பிக்சல் என்பது ரொம்பக் கொஞ்சம், அதில் பாதியைச் சுவருக்கும் வாசலுக்கும் கொடுத்தால் கண்ணுக்கு நாலு பிக்சல்தான் மிஞ்சும்.

மாடிப்படி:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் தட்டையாகக் கட்டாதீர்கள் என்பேன். 1.17-லிருந்து மேப்பில் 61 அடிப்படை நிறம். ஒரு பிளாக் அதன் வடக்குப் பக்கத்து பிளாக்கைவிட மேலே இருந்தால் ஒரு சாயல் வெளிச்சம், கீழே இருந்தால் ஒரு சாயல் இருட்டு, ஆக ஒரே மண் பிளாக்கில் மூன்று நிறம் கிடைக்கும். முகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? கருவியில் படிக்கட்டு முறையைப் போட்டு, உயரத்தைக் குறைக்கப் பள்ளத்தாக்கு வகையைத் தேர்ந்தெடுங்கள். என்பிடி (கட்டட வரைவு) கோப்பாக இறக்கி லைட்டமேட்டிகா என்ற மோடில் திறந்தால் எங்கே எது என்று நிழலாகக் காட்டும், சாமான் பட்டியலும் வரும்.

களிமண்கணக்கு:
மூன்று பேர் சர்வைவலில் கட்டுகிறார்கள், அதையும் பாருங்கள். தட்டையாகக் கட்டினாலே 16,384 பிளாக், அதாவது ஸ்டாக்குக்கு 64 என்று 256 ஸ்டாக், 27 ஸ்டாக் கொள்கிற ஷல்கர் பெட்டியில் போட்டால் பத்துப் பெட்டி. படிக்கட்டு என்றால் அந்தரத்தில் நின்று ஒவ்வொரு வரிசையாக ஏறி இறங்கிக் கட்டவேண்டும், ஒரு இடத்தில் உயரம் தவறினால் அந்தப் பிக்சலோடு அதற்குத் தெற்கே இருப்பதும் கெடும். இரண்டையும் திரையில் எடுத்து, நாலடி தள்ளி நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தோல் நிறம் சரியாக அமைந்துவிட்டால் தட்டையே போதும் என்பது என் எண்ணம்.

எப்படிக் கட்டினாலும் இடத்தைச் சரியாகப் பிடியுங்கள். மேப் நாம் நிற்கிற இடத்திலிருந்து தொடங்காது, அதன் எல்லை -64-லிருந்து 63 வரை, அப்புறம் 64-லிருந்து 191 வரை என்று போகும். வடக்கு எல்லைக்கு வெளியே கூடுதலாக ஒரு வரிசை வையுங்கள், இல்லாவிட்டால் முதல் வரிசையின் சாயல் அங்கே இருக்கிற மலையையோ கடலையோ பார்த்து மாறிவிடும். கட்டி முடித்து மேப்பை எடுத்ததும் கார்ட்டோகிராஃபி மேசையில் கண்ணாடிப் பலகம் வைத்துப் பூட்டிவிடுங்கள், பிறகு கீழே எது மாறினாலும் படம் மாறாது.

நெதர்வாசி:
நான் இதையே நிற்கிற சுவராகக் கட்டப் பார்க்கிறேன், அதே பட்டியல் சரிவருமா?

களிமண்கணக்கு:
வராது. சுவரில் கண்ணுக்குத் தெரிவது பிளாக்கின் பக்கவாட்டு, மேப் நிறத்துக்கு அங்கே வேலையில்லை. போட்சோல் என்ற மண் பிளாக் மேலே பழுப்பு, பக்கத்தில் மண். மரத்துண்டுக்கும் மேல் ஒன்று பக்கம் ஒன்று. சுவருக்கு டெரகோட்டா, கான்கிரீட் மாதிரி ஆறு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிட்டே நின்று பார்க்கிற சுவர் என்றால் டித்தரிங்கை (மேலே சொன்ன, பிழையைப் பக்கத்துப் பிக்சல்களுக்குப் பிரிக்கிற முறையை) அணைத்துவிடுங்கள், புள்ளி புள்ளியாக உறுத்தும்.

வைகைக்கரை:
அண்ணா, கம்பளியை எடுத்துவிட்டு மண்ணும் டெரகோட்டாவும் போட்டுப் பார்த்தேன். அப்பத்தாவேதான். தம்பிக்கு அனுப்பினேன், கொஞ்ச நேரம் பதிலே வரவில்லை, அப்புறம் "நாளைக்கே மண் வெட்டப் போகலாம்" என்றான். தட்டையாகவே கட்டுகிறோம். சுங்குடிப் புள்ளி மட்டும் கலங்கித் தெரிகிறது. மூக்குத்தியும் காணவில்லை.

களிமண்கணக்கு:
படத்தைச் சுருக்கும்போது அது இரண்டும் கரைந்துதான் போகும், எந்தக் கருவியும் காப்பாற்றாது. சேலையைச் சுருக்கிய படத்தில் ஒரே நிறமாக நிரப்பிவிட்டு, நாலைந்து பிக்சலுக்கு ஒன்றாகக் கையாலேயே வெள்ளைப் புள்ளி வையுங்கள். சுங்குடி என்று யார் பார்த்தாலும் தெரியும்.

மாடிப்படி:
மூக்குத்திக்கு ஒரே ஒரு வெள்ளைக் கான்கிரீட் வையுங்கள், ஆனால் அதை மட்டும் மற்றதைவிட ஒரு படி உயர்த்தி வையுங்கள். வடக்குப் பக்கத்து பிளாக்கைவிட மேலே இருப்பதால் அது முழு வெள்ளையாக மின்னும், அதற்குத் தெற்கே இருக்கிற தோல் பிளாக் ஒரு சாயல் இருண்டு மூக்குத்தியின் நிழல் மாதிரி விழும்.