வெள்ளத்தில் மாட்டிய நிறுவனங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வண்ணார்பேட்டையிலிருந்து:

நானே ஆரம்பிக்கிறேன். 2023 டிசம்பர் 17, ஞாயிறு ராத்திரி. திருநெல்வேலியில் தாமிரபரணி ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு சின்ன மருத்துவமனையில் அப்போது டயாலிசிஸ் (சிறுநீரகம் வேலை செய்யாதவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்திகரிப்பது) டெக்னீஷியனாக இருந்தேன். மழை விட்டபாடில்லை. வாட்ச்மேன் அண்ணாச்சி மேலே ஓடிவந்து, "சார், ஜெனரேட்டர் ரூம்ல தண்ணி ஏறுதுல்லா" என்றார். போய்ப் பார்த்தால் டீசல் கேன் மிதக்கிறது. சத்தம் கேட்கக்கூடாது என்று ஜெனரேட்டரைத் தரைக்குக் கீழே வைத்திருந்தார்கள். 1992 நவம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் எதுவரை தண்ணீர் நின்றது என்று எதிர் டீக்கடைப் பெரியவரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்.

இதில் கொடுமை, எங்களிடம் பேரிடர்த் திட்டம் இருந்தது. ஆய்வுக்கு வருபவர்களுக்குக் காட்ட ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்திருந்தோம். தீக்குப் பதினான்கு பக்கம், வெள்ளத்துக்கு அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தின் முதல் வரியே 'ஜெனரேட்டரை இயக்கவும்' என்பதுதான்.

டயாலிசிஸ் மெஷின்கள் மாடியில் பத்திரமாக இருந்தன. ஆனால் ஒரு ஆளுக்கு நாலு மணி நேரம் ஓட்டச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட் கீழே மூழ்கிக் கிடந்தது. ஊரெல்லாம் தண்ணீர், எங்களுக்குத் தண்ணீர் இல்லை. திங்கள் காலை வரவேண்டியவர்கள் எட்டுப் பேர். வாரம் இரண்டு, மூன்று தடவை செய்துகொள்கிறவர்கள். தள்ளிப்போனால் உடம்பில் நீர் கோக்கும், பொட்டாசியம் ஏறும், அது இதயத்தையே நிறுத்திவிடும். அவர்கள் நம்பரெல்லாம் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில்; அதுவும் தண்ணிக்குள். செல்போன் டவரும் போச்சு.

கைகொடுத்தது எங்கள் ஆயாம்மாதான். "அந்த அண்ணாச்சி வீடு மேலப்பாளையம், பள்ளிவாசலுக்குப் பின்னால. டீச்சரம்மா மகாராஜநகர்" என்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் வழி சொன்னார். தண்ணீர் வடிய வடிய ஆள் அனுப்பினோம். மீனாட்சிபுரத்துக்காரர் ஒருவர் கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தார். சாப்பாட்டோடு பாசமாக ரெண்டு வாழைப்பழம் கொடுத்திருக்கிறார்கள். வாழைப்பழத்தில் பொட்டாசியம் அதிகம்; டயாலிசிஸ்காரருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று கொடுத்தவருக்கு எப்படித் தெரியும்? நல்லவேளை, அவருக்கே தெரிந்திருந்தது.

பாளையங்கோட்டை மேட்டுப் பக்கம் வேறொரு மருத்துவமனை இடம் கொடுத்தது. அங்கே கேட்ட முதல் கேள்வி, "ஹெபடைட்டிஸ் ரிப்போர்ட் எங்கே?" ஹெபடைட்டிஸ் பி ரத்தம் வழியாகத் தொற்றும் கல்லீரல் வைரஸ்; அது இருப்பவருக்குத் தனி மெஷின் வைக்க வேண்டும். அவர்கள் கேட்டது நியாயம்தான். ஒவ்வொருவருக்கும் கார்டு டெஸ்ட் (சீக்கிரம் முடிவு தெரியும் ரத்தப் பரிசோதனை) எடுத்து ஆரம்பிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

இப்போது எல்லோர் பர்ஸிலும் லேமினேட் செய்த ஒரு சீட்டு இருக்கிறது: உலர் எடை (உடம்பில் கோத்த நீரை எடுத்த பிறகு இருக்கவேண்டிய எடை), ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் மருந்தின் அளவு, கடைசி வைரஸ் டெஸ்ட் தேதி, ரத்தப் பிரிவு. செலவு ஆளுக்குச் சில ரூபாய். பின்பக்கம், டயாலிசிஸ் தள்ளிப்போனால் என்ன சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று எழுதியிருக்கிறோம். அந்த ஸ்பைரல் புத்தகத்தைவிட இந்தச் சீட்டு மேல் என்பேன்.

ஏரலிலிருந்து:

எங்கள் தூத்துக்குடி மாவட்டப் பக்கம் நிலைமையே வேறு, அண்ணாச்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலே நின்றுபோனது. என் உரக்கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்ததும் நாற்றம் தாங்காமல் ஊறிப்போன மூட்டைகளை எல்லாம் அள்ளி வெளியே கொட்டிவிட்டோம். நாலு நாள் கழித்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து, "சரக்கு எங்கே?" என்கிறார். காலி கடையைக் காட்டினேன். சுவரில் தண்ணீர் நின்ற கறை இருந்தது, அதை வைத்துப் பாதியாவது ஒத்துக்கொண்டார். அள்ளுவதற்கு முன் போட்டோ எடுங்கள், சேதமான சரக்கில் கொஞ்சத்தையாவது ஓரமாக வையுங்கள். இருப்புக் கணக்கின் நகலை வெளியூரில் இருக்கும் மச்சானுக்கு மாதாமாதம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். அவன் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, அதனால் என்ன.

சி.என். கிராமத்திலிருந்து:

நான் பள்ளிக்கூட கிளார்க். நனைந்த பதிவேடுகளை வெயிலில் போட்டோம், அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டன. நிழலில் ஃபேன் காற்றில், நடுநடுவே வெள்ளைத் தாள் வைத்து உலர்த்தவேண்டுமாம். பிறகுதான் தெரிந்தது.

வண்ணார்பேட்டையிலிருந்து:

ஏரல் அண்ணாச்சி சொன்ன போட்டோ விஷயம் எங்களுக்கும் தோன்றவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்துக்கு அப்புறம் ஜெனரேட்டரை மொட்டை மாடிக்கு ஏற்றினோம், பெருமையாகத்தான் இருந்தது. போன ஐப்பசியில், மழைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் மெயினை அணைத்து ஒத்திகை பார்த்தோம். மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் லீவில் சங்கரன்கோவிலுக்குப் போயிருந்தார். பூட்டை உடைக்க இருபத்தைந்து நிமிஷம். இப்போது சாவி நர்ஸ் மேஜைக்கு மேலே ஒரு ஆணியில் தொங்குகிறது.