அப்பத்தாவுக்கு முதியோர் பணம் வரவில்லை, அவசரம்

உசிலைப் பேரன்:
வணக்கம். அப்பத்தாவுக்கு ஓ.ஏ.பி. என்கிற அரசு உதவிப் பணம் திடீரென்று நின்றுவிட்டது. பேங்கில் கேட்டால் எங்களுக்கு எதுவும் வரவில்லை என்கிறார்கள். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன், லீவு கிடைக்காது. யாரைப் போய்ப் பார்க்கச் சொல்வது? சீக்கிரம் சொல்லுங்கள், அந்தப் பணத்தில்தான் மாத்திரை வாங்குகிறார்.

மேலூர் செல்வி:
தம்பி, வயது என்ன? எந்தத் தாலுகா? கணக்கில் விழுந்ததா, வீட்டுக்கே வந்து ரேகை வைத்துக் கொடுத்தார்களா? கடைசியாக எந்த மாதம் வந்தது?

வாடிப்பட்டி விவசாயி:
ரேகைதான் காரணம், சந்தேகமே வேண்டாம். எங்கள் அம்மா ஐம்பது வருஷம் நாற்று நட்டவர். கட்டைவிரல் தேய்ந்து கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டது. மிஷினில் எத்தனை தடவை வைத்தாலும் எடுக்காது. வெந்நீரில் விரலை நனைத்து, முந்தானையில் ஒற்றி, மெதுவாக அழுத்தச் சொன்னால் ஒரு தடவை விழும். ஆதார் மையத்தில் ரேகையையும் கண் பதிவையும் புதுப்பியுங்கள்.

தல்லாகுளத்தார்:
முதலில் ஓ.ஏ.பி. என்றால் எது? முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி எல்லாவற்றுக்கும் ஜனங்கள் இந்த ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள். விவரம் இல்லாமல் கேட்டால் விவரம் இல்லாத பதில்தான் வரும். தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்றே தனி வட்டாட்சியர் இருக்கிறார். சாதாரண தாசில்தாரிடம் போய் நின்று பயனில்லை. இதை நான் இங்கே பல தடவை எழுதியிருக்கிறேன், பழைய இழைகளைப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

திருமங்கலம் ராசு:
மத்திய அரசு பணம் அனுப்பியிருக்காது. அங்கே நின்றால் இங்கேயும் நிற்கும்.

தல்லாகுளத்தார்:
தப்பு. 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். அதில் இந்திரா காந்தி முதியோர் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு, 60 முதல் 79 வயது வரை வெறும் 200. எண்பது ஆனால் 500. மீதி மாநிலத்துடையது.

திருமங்கலம் ராசு:
200 என்றாலும் பணம் பணம்தானே? சும்மா கொடுப்பதுபோல் பேசாதீர்கள்.

மேலூர் செல்வி:
அந்த மத்திய அரசுப் பங்கு 1995இல் 75 ரூபாயாகத் தொடங்கியது, 2006இல் 200 ஆனது, இன்னும் அதே 200. என் மாமியாரின் பிரஷர் மாத்திரை அட்டை அதே விலையிலா நிற்கிறது? இதில் எந்தக் கட்சி என்று எனக்குக் கவலையில்லை, வயிறு எரிகிறது.

வாடிப்பட்டி விவசாயி:
தமிழ்நாட்டில் 1962இல் மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்தது. எங்கள் தாத்தா வாங்கியிருக்கிறார். தபால்காரர் மணியார்டர் கொண்டுவரும் நாளில் காலையிலேயே குளித்து, திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அந்தத் தம்பி எங்கே போனார்?

உசிலைப் பேரன்:
ஷிப்டில் இருந்தேன், மன்னியுங்கள். வயது 76, உசிலம்பட்டி தாலுகா, முதியோர் பணம்தான். கணக்கில் விழும், மார்ச் வரை வந்தது.

மேலூர் செல்வி:
அப்படியென்றால் ஒன்று கேட்கிறேன். சமீபத்தில் வேறு எங்காவது கணக்கு தொடங்கினாரா? ஆதாரைப் பார்த்துப் போடும் பணம், ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்ததோ அதில்தான் விழும். பழைய பாஸ்புக்கைப் பார்த்துப் பயனில்லை. ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி என்று காட்டும், அவருடைய போனுக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். அங்கேயும் இல்லையென்றால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம். 1100 என்ற அரசு உதவி எண்ணுக்கும் போன் செய்யலாம்.

திருமங்கலம் ராசு:
மாநிலம் கொடுக்கிறது என்கிறீர்களே, தகுதியான எத்தனை பேர் இன்னும் மனுவோடு அலைகிறார்கள்? அதையும் பேசுங்கள்.

தல்லாகுளத்தார்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

உசிலைப் பேரன்:
கிடைத்துவிட்டது. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் ஊர்ச் சாவடியில் ஒரு முகாம் போட்டுக் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். அங்கே கொடுத்த கணக்கு அட்டையை ரேஷன் சம்பந்தப்பட்டது என்று நினைத்து மஞ்சப்பையில் வெற்றிலையோடு மடித்து வைத்திருந்தார். சித்தி போய்ப் பார்த்தார், மூன்று மாதம் சேர்ந்து 3,600 அப்படியே இருக்கிறது. செல்வி அக்கா, ரொம்ப நன்றி.

வாடிப்பட்டி விவசாயி:
சந்தோஷம் தம்பி. ரேகையையும் புதுப்பித்துவிடுங்கள். அந்தப் பணத்தை எடுக்கவும் அவர் விரல் வைக்க வேண்டியிருக்கலாம்.