தங்க நானோ துகள்கள் படிகமாக அடுக்கிக்கொள்ளாமல் திட்டுத் திட்டாகப் படிகின்றன. ஏன்?

கூழ்மன்:
டோடெக்கேன்தயால் (தங்கத்தில் ஒட்டும் நீளமான கரிம மூலக்கூறு) போர்த்திய தங்கத் துகள்கள். சராசரி விட்டம் 6.2 நானோமீட்டர், திட்ட விலக்கம் 0.7. டோலுயீன் கரைசலில் ஒரு சொட்டைக் கார்பன் கிரிட்டில் (நுண்ணோக்கியில் வைக்கும் சின்ன வலைத்தட்டு) விட்டுத் திறந்தபடியே காயவைத்தேன். டெம் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் ஓரமெல்லாம் தடித்த வளையம், நடுவில் குப்பை. அங்கங்கே பத்திருபது துகள் அறுகோணமாக நின்று, உடனே கலைகிறது. எத்தனாலில் ஐந்து முறை கழுவியாயிற்று. இன்னும் கழுவணுமா?

படிகப்பித்தன்:
வேண்டவே வேண்டாம். 0.7-ஐ 6.2-ஆல் வகுத்துப் பாருங்கள், 11%. இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்தால் எவ்வளவு பொறுமையாகக் காயவைத்தாலும் நீண்ட ஒழுங்கு வராது. 5%-க்குள் வரணும். கரைசலைக் கலக்கிக்கொண்டே எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். லேசாகக் கலங்கியதும் நிறுத்தி சென்ட்ரிஃப்யூஜில் போடுங்கள். பெரிய துகள்கள்தான் முதலில் அடியில் படியும். மேலே நிற்பதை வடித்து அதே வேலையைத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு பங்கிலும் 300 துகளாவது அளக்கணும்.

ஐந்து கழுவலில் தயாலும் கொஞ்சம் போயிருக்கும். பக்கத்துப் பக்கத்துத் துகள்களுக்கு நடுவே 1.5 முதல் 2 நானோமீட்டர் இடைவெளி தெரிந்தால் போர்வை பத்திரம். இரண்டு துகள் சேர்ந்து நிலக்கடலை மாதிரித் தெரிந்தால் அந்தக் கரைசலைக் கொட்டிவிடலாம். பத்திரம் என்றால், மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோலிட்டர் தயால் சேர்த்துவிடுங்கள்.

அலைவரி:
வளையத்துக்குக் காரணம் காயும் வேகம். ஓரம் முதலில் காய்வதால் உள்ளிருக்கும் திரவம் துகள்களை அங்கே இழுத்துப் போகிறது. தப்பான இடத்தில் உட்கார்ந்த துகள் எழுந்து சரியான இடத்துக்குப் போக அவகாசமே இல்லை. கிரிட்டை விட்டுவிட்டு டைஎத்திலீன் கிளைக்கால் (ஹெக்சேனோடு கலக்காத கெட்டியான திரவம்) மேல் செய்யுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் டெஃப்லான் குழியில் பாதி ஊற்றி, ஹெக்சேனுக்கு மாற்றிய கரைசலை 15-20 மைக்ரோலிட்டர் மேலே பரப்பி, உடனே கண்ணாடித் தகட்டால் மூடுங்கள். அரை மணியில் படலம் மிதக்கும். கிரிட்டால் அள்ளி, வெற்றிடத்தில் உலர்த்துங்கள். கிளைக்கால் மிச்சமிருந்தால் படம் மங்கும்.

கூழ்மன்:
டி.என்.ஏ. இழைகளை மேலே கட்டிய துகளுக்கும் இதே கதைதானா?

படிகப்பித்தன்:
அங்கே கரைப்பான் ஆவியாவதற்குப் பதில் வெப்பநிலை. அறை வெப்பத்தில் கலந்தால் சட்டென்று ஒட்டி ஒழுங்கற்ற கட்டியாகும். உருகுநிலைக்கு (டி.என்.ஏ. இணைப்புகள் பிரியும் வெப்பநிலை) மேலே சூடாக்கி, பத்து நிமிடத்துக்கு 0.1 டிகிரி வீதம் இறக்குங்கள். ஒன்றோடொன்று இணையும் இரு வகை இழைகள் என்றால் பொருள்மையக் கனசதுரம் (மூலைகளிலும் நடுவிலும் துகள்), தனக்குத் தானே இணையும் ஒரே இழை என்றால் முகமையம் (மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் துகள்). உப்புச் செறிவு மாறினால் உருகுநிலையும் நகரும், ஒவ்வொரு தடவையும் புதிதாக அளந்துவிடுங்கள்.