புது போன்ல வீடியோ எப்படி ஓடும்? வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

சிங்காநல்லூர்:
திரை எத்தனை இஞ்ச், எத்தனை நிட்ஸ் (வெளிச்ச அளவு)னு கேக்கறதுக்கு முன்னாடி சிப்புல ஏவி1 ஹார்டுவேர் டிகோடர், அதாவது ஏவி1-ங்கற வடிவத்துல சுருக்கி வர்ற வீடியோவைப் பிரிச்சுக் காட்டறதுக்குன்னே இருக்கற பகுதி, இருக்குதான்னு பாருங்க. ஏவி1 வடிவம் 2018-ல வந்தது. பழைய எச்.264 வடிவத்துக்கு ஆகற டேட்டால பாதிக்குக் கிட்ட இருந்தாலே அதே தெளிவு கிடைக்கும். ஸ்னாப்டிராகன்ல 2022 கடைசில வந்த 8 ஜென் 2-லதான் முதல்ல குடுத்தாங்க. அதுக்கு முந்தின 8 ஜென் 1 அது வந்தப்ப உச்ச விலைச் சிப்பு, ஆனா அதுல கிடையாது. மீடியாடெக் டைமென்சிட்டி 1000-லயே குடுத்துட்டாங்க. ஐபோன்ல 2023-ல வந்த 15 ப்ரோ முதல். அதனால விலையை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

பவானி:
யூடியூப் செட்டிங்ஸ்ல ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ ஆன் பண்ணுனா கோடெக் (வீடியோ வடிவம்) வரில ஏவி01-னு வருதுங்க. அப்ப ஹார்டுவேர் இருக்குதுன்னு எடுத்துக்கலாங்களா?

சிங்காநல்லூர்:
இல்லீங்க. என்ன வடிவம் வந்து சேருதுங்கறதை மட்டுந்தான் அது சொல்லும். பிரிக்கறது யாருன்னு தெரியோணும்னா கோடெக் இன்ஃபோ மாதிரி ஒரு ஆப் போட்டு ஏவி1 டிகோடரோட பேரைப் பாருங்க. ‘சி2.ஆண்ட்ராய்டு’-னு தொடங்குனா மென்பொருள், வேலையெல்லாம் சிபியு தலையில. ‘சி2.க்யூடிஐ’ குவால்காம் ஹார்டுவேர், ‘சி2.எம்டிகே’ மீடியாடெக் ஹார்டுவேர். மென்பொருள்ல 480பி, 720பி சிரமமில்லாம ஓடும். 1080பி 60 பிரேம் அரை மணி நேரம் ஓடுனா சூடு ஏறும், பேட்டரி இறங்கும். சித்திரை வெயில்ல ஈரோடு, கரூர் பக்கம் ஜன்னலோர சீட்டுல உக்காந்து பாத்தா போன் தன்னைக் காப்பாத்திக்கத் திரை வெளிச்சத்தைத் தானாக் குறைச்சுக்கும். டிஸ்பிளே கெட்டுப்போச்சுன்னு பயப்பட வேண்டாம், ஆறுனா சரியாயிரும்.

திருப்பூர்:
ஓடிடி பாக்கறவங்க வைட்வைன் (படத்தைக் காப்பி எடுக்க விடாத பூட்டு) லெவல் பாக்கோணும். எல்1 இருந்தாத்தான் எச்டி. எல்3-ன்னா நெட்ஃபிளிக்ஸ் 480பி-யைத் தாண்டாது, திரை எவ்வளவு நல்லதா இருந்தாலும் சரி. நெட்ஃபிளிக்ஸ் ஆப்ல ஆப் செட்டிங்ஸ் போய் ‘பிளேபேக் ஸ்பெசிபிகேஷன்’ தொட்டா லெவல், அதிகபட்ச ரெசல்யூஷன், எச்டிஆர் (வெளிச்சம், இருட்டு விவரம் கூடுதலாத் தெரியற வசதி) மூணும் தெரியும். எல்1 சாவியை ஃபேக்டரிலயே போனுக்குள்ள ஏத்தீருவாங்க. பூட்லோடர் (போன் தொடங்கறப்ப முதல்ல ஓடற மென்பொருள்) பூட்டைத் திறந்தா சில போன்ல எல்3-க்கு இறங்கீரும். செகண்ட்ஸ் வாங்கறவங்க காசு குடுக்கறதுக்கு முன்னாடியே இதைப் பாத்துருங்க.

பெருந்துறை:
கல்யாணச் சீர் வீடியோ பத்தி யாரும் சொல்லலையே. பென்டிரைவ்ல வாங்கிட்டு வந்து போன்ல போட்டா சத்தம் மட்டும் வருது, படம் கருப்புன்னு நிறைய வீட்டுல சொல்றாங்க. போன் மேல தப்பில்லீங்க. கேமராக்காரர் 10-பிட் 4:2:2-ல (நிற விவரம் கூடுதலா வெக்கற வடிவம்) எடுத்து அதே வடிவத்துல குடுத்திருப்பாரு. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்ல ஹார்டுவேர் டிகோடர் நிற விவரம் குறைவான 4:2:0 மட்டுந்தான் பிரிக்கும். அடுத்த வருஷப் போன்ல தன்னால சரியாயிரும்னு காத்திருக்க வேண்டாம். கம்ப்யூட்டர்ல ஹேண்ட்பிரேக்-ங்கற வீடியோ மாத்தற மென்பொருள் போட்டு எச்.264, 1080பி, ஆர்எஃப் (தர அளவு) 20-ல இருந்து 22-க்குள்ள வெச்சு மாத்துங்க, 4:2:0-வா வந்துரும். மூல ஃபைலை அழிச்சுராதீங்க, ஒரு ஹார்டு டிஸ்க்ல பத்திரமா இருக்கட்டும். தாலி கட்டுன நேரத்தை இன்னொரு தடவை எடுக்க முடியாதல்லங்க.
இன்னொன்னு: பென்டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மேட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒத்த ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணுங்க. அதைப் படிக்காத போனும் டிவியும் உண்டு, முதல்ல சின்ன ஃபைல் ஒன்னு போட்டுப் பாத்துக்குங்க.

பவானி:
படம் வந்து சத்தம் வராம இருந்தா?

பெருந்துறை:
ஆடியோ வடிவம் ஏசி3 இல்லாட்டி டிடிஎஸ்-ஆ இருக்கும். உரிமக் கட்டணம் இருக்கறதால பல பிளேயர்ல அதை எடுத்துட்டாங்க. விஎல்சி பிளேயர்ல ஓடும்.

பொள்ளாச்சி:
டேட்டாக் கணக்கு சுலபமுங்க. வீடியோ ஓடற வேகத்தை எம்பிபிஎஸ்-ல (வினாடிக்கு எத்தனை மெகாபிட்) எடுத்து 0.45-ஆல பெருக்குனா ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபின்னு வந்துரும். 5 எம்பிபிஎஸ்-னா 2.25 ஜிபி. வால்பாறை ஏறறவங்க ஆழியார்லயே டவுன்லோடு முடிச்சுக்குங்க. 40 கொண்டை ஊசி வளைவு எல்லாத்துலயும் சிக்னல் வந்துட்டே இருக்காது.

கரூர்:
120 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 120 தடவை புதுப்பிக்கற) திரைல சினிமாவுக்கும் ஒரு லாபம் இருக்குது. படம் வினாடிக்கு 24 பிரேம். 120-ஐ 24-ஆல வகுத்தா மிச்சமில்லாம 5, ஒவ்வொரு பிரேமும் ஒரே அளவு நேரம் நிக்கும். 60-ல அப்படி வகுபடாது. ஒரு பிரேம் 3 தடவை, அடுத்தது 2 தடவைன்னு மாறி மாறி வர்றதால கேமரா மெதுவாத் திரும்பற காட்சில விக்கல் தெரியும். ஆனா சில போன்ல வீடியோ ஆப் திறந்ததும் 60-க்கு இறங்கீருது. டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல ‘ஷோ ரெப்ரெஷ் ரேட்’ போட்டுட்டுக் கடையிலயே ஓட்டிப் பாருங்க.
விளம்பரத்துல வர்ற பீக் நிட்ஸ் திரையோட ஒரு சின்னப் பகுதிக்குத்தான். முழுத் திரைக்கும் அந்த வெளிச்சம் வராது.
டிவில வயர் போட்டுப் பாக்கோணும்னா ஸ்பெக்ல யூஎஸ்பி-சி பக்கத்துல டிஸ்பிளேபோர்ட் (படத்தை வெளிய அனுப்பற வசதி)-னு போட்டிருக்கோணும். வெறும் யூஎஸ்பி 2.0-ன்னு இருந்தா, எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கறதுக்கு முன்னாடி கடைக்காரரை மாட்டிக் காட்டச் சொல்லுங்க.